முற்றுகை என்ற சொல்: பேட்டில்ஃபோர்டின் முதல் பத்தாண்டுகள்

சஸ்கட்டூனிலிருந்து எட்மன்டனுக்குப் போகும் யெல்லோஹெட் நெடுஞ்சாலையில் இத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை போய்வந்திருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஒவ்வொரு பயணத்திலும் நார்த் பேட்டில்ஃபோர்டு நகரில் வண்டிக்குப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஆற்றுக்கு அக்கரையில், 4,400 பேர் அளவில் வாழும் பேட்டில்ஃபோர்டு என்ற சிற்றூருக்குள் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில்தான் பாலத்தைக் கடந்து அங்கே போனேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு பள்ளிப் பாடநூல்தான் என்னை அங்கே அனுப்பியது. 1885இல் நிகழ்ந்த ‘பேட்டில்ஃபோர்டு முற்றுகை’ பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. கோட்டையை வளைப்பதற்கு உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பதற்கு நொச்சி என்றும் தனித்தனியே திணை வகுத்த மொழியில் படித்து வளர்ந்தவனுக்கு, முற்றுகை என்ற சொல்லைக் கண்டால் யார் வளைத்தார்கள், எதற்காக வளைத்தார்கள் என்று கேட்கத்தானே தோன்றும்? அந்தக் கேள்வியோடுதான் போனேன்.

அல்பர்ட்டாவிலிருந்து கிழக்கு நோக்கி ஓடிவரும் பேட்டில் ஆறு, வட சஸ்காட்செவன் ஆற்றோடு சேரும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். சஸ்காட்செவன் என்பது விரைந்தோடும் ஆறு என்று பொருள்படும் கிரீ மொழிப் பெயரிலிருந்து வந்தது. சமவெளியின் முதற்குடிகளான கிரீ மக்களும் பிளாக்ஃபுட் மக்களும் நெடுங்காலம் போரிட்ட எல்லையில் ஓடியதால் மற்றது போர் ஆறு என்று பெயர் பெற்றது. ஊர்ப்பெயரின் பின்பாதியான ‘ஃபோர்டு’ என்பதற்குத் தமிழில் துறை என்று சொல்லலாம். ஆழம் குறைந்து, மாட்டு வண்டியோடு இறங்கிக் கடக்கக்கூடிய இடம். ஆகவே போராற்றுத் துறை என்று இந்த ஊரை அழைத்தால் தவறில்லை.

ஊர் பிறந்தது ஒரு தந்திக் கம்பியால். கனடாவின் கிழக்கையும் பசிபிக் கரையையும் இணைக்கும் ரயில் பாதையை இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிக் கொண்டுபோவதென்று தலைமைப் பொறியாளர் சாண்ட்ஃபோர்டு ஃபிளெமிங் காலத்தில் அளந்து வைத்திருந்தார்கள். தண்டவாளம் வருவதற்கு முன்பே, அது வரப்போகும் வழியில் தந்திக் கம்பியை இழுத்துக்கொண்டு வந்த தொழிலாளர்கள் 1875வாக்கில் பேட்டில் ஆற்றின் தென்கரைத் தாழ்நிலத்தில் முகாமிட்டார்கள். அந்த முகாமுக்குத் தந்திச் சமவெளி என்று பொருள்படும் டெலிகிராஃப் ஃபிளாட் என்பதே பெயராக இருந்தது. மறு ஆண்டு இன்ஸ்பெக்டர் ஜேம்ஸ் வாக்கரின் தலைமையில் வடமேற்குக் குதிரைக் காவற்படை வந்து, இரண்டு ஆறுகளுக்கும் நடுவிலுள்ள மேட்டில் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. அதே 1876இல், இன்றைய சஸ்காட்செவனையும் அல்பர்ட்டாவையும் அவற்றுக்கு அப்பாலும் உள்ளடக்கிய வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகராக இந்த இடம் தேர்வு செய்யப்பட்டது. சில மரக்குடில்களும் ஒரு தந்திக் கம்பமும் இருந்த இடத்தைத் தலைநகர் என்று அறிவிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், ரயில் வரப்போகிறது என்ற நம்பிக்கை.

ஆனால் 1876இல் நடந்தவற்றில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய நிகழ்ச்சி வேறொன்று. அந்த ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று கார்ல்டன் கோட்டையிலும், செப்டம்பர் 9 அன்று பிட் கோட்டையிலும், அரசுக்கும் கிரீ மக்களுக்கும் இடையே ஆறாம் உடன்படிக்கை கையெழுத்தானது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் என்ற கணக்கில் ஒதுக்கு நிலம், ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர், உழவுக் கருவிகள், மருந்துப் பெட்டி ஆகியவற்றோடு, பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தால் அரசு உதவும் என்ற உறுதிமொழியும் அதில் எழுதப்பட்டது. அந்தப் பஞ்ச உறுதிமொழியை அரசு தானாக முன்வந்து தரவில்லை. கிரீத் தலைவர்கள் வாதாடிப் பெற்றார்கள். அவர்களுள் அப்போது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதே ஆகியிருந்த பவுண்ட்மேக்கரும் ஒருவர். இது எங்கள் நிலம், துண்டு துண்டாக வெட்டி எங்களுக்கே திருப்பித் தருவதற்கு இதென்ன பெமிக்கனா என்று அவர் கேட்டதை, அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர் பீட்டர் எராஸ்மஸ் நினைவில் வைத்துப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பெமிக்கன் என்பது உலர்த்தி இடித்த காட்டெருமை இறைச்சியில் கொழுப்பும் பெர்ரிப் பழங்களும் கலந்து செய்யும் கட்டுச்சோறு போன்ற உணவு, மாதக்கணக்கில் கெடாது. சமவெளி வாழ்க்கையே அந்த உணவின்மேல் நின்றது.

காட்டெருமையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓட்டிவந்த மந்தையை மரக்கட்டைகளால் அடைத்த பட்டிக்குள் மடக்கிப் பிடிப்பது சமவெளி மக்களின் பழைய வேட்டை முறை. அந்தப் பட்டியை அமைக்கத் தெரிந்தவர் என்பதுதான் பவுண்ட்மேக்கர் என்ற பெயரின் பொருள். துணைநிலை ஆளுநர் டேவிட் லேர்டின் மன்றம் 1877 மார்ச்சில், தலைநகருக்கு இன்னும் குடிபெயராத நிலையில், ஸ்வான் ஆற்றங்கரையில் தன் முதல் கூட்டத்தை நடத்தியது. அப்போது இயற்றிய சட்டங்களுள் காட்டெருமைப் பாதுகாப்புச் சட்டமும் ஒன்று. கன்றுகளைக் கொல்லக் கூடாது, பொழுதுபோக்குக்காகச் சுடக் கூடாது என்பவற்றோடு, பட்டிக்குள் மடக்கிப் பிடிக்கவும் கூடாது என்று அது சொன்னது. அழிவைக் கண்டு அஞ்சித்தான் அதைக் கொண்டுவந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் பசியோடு இருக்கும் வேட்டைக்காரரைத் தண்டிக்காமல் அதை நடைமுறைப்படுத்த வழி இருக்கவில்லை. 1878இல் பேட்டில்ஃபோர்டில் கூடிய மன்றம் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்க எல்லைக்கு வடக்கே மந்தைகள் கண்ணில் படாமல் போயின. தலைநகரில் கூடிய முதல் மன்றத்தின் செயல்களுள் இதையும் ஒன்றாகக் கண்டபோது, அந்தப் பக்கத்தை என்னால் எளிதில் புரட்ட முடியவில்லை.

அந்த 1878ஆம் ஆண்டின் கோடையில் பேட்ரிக் கேமி லாரி என்ற ஸ்காட்லாந்துக்காரர் வின்னிபெக்கிலிருந்து ஓர் அச்சு இயந்திரத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் சமவெளியைக் கடந்து இங்கே வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 25 அன்று ‘சஸ்காட்செவன் ஹெரால்டு’ இதழின் முதல் பிரதி வெளிவந்தது. இன்றைய சஸ்காட்செவன் மாகாணத்தின் எல்லைக்குள் வெளியான முதல் செய்தித்தாள் அதுவே. ஒரு மனிதர் தம் ஊரின் வருங்காலத்தின்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார் என்பதற்காக அவரை மதிக்கிறேன். அதே இதழ் பின்னாளில் முதற்குடிகளைப் பற்றி எழுதியவற்றைப் படிக்கும்போது அந்த மதிப்போடு வருத்தமும் சேர்ந்துகொள்கிறது. ஊரின் முதல் பத்தாண்டுகளை உள்ளூரிலேயே இருந்து தொடர்ந்து பார்த்து எழுதியவர் அவர் ஒருவர்தான். அதனால் அவர் எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தார் என்பது, முற்றுகை என்ற சொல் எப்படி நிலைத்தது என்பதோடும் சேர்ந்தது.

ரயில் வரவில்லை. 1881இல் கனடியன் பசிபிக் நிறுவனம் பாதையைத் தெற்கே, கால்கரி வழியாக மாற்றிக்கொண்டது. வட சஸ்காட்செவன் ஆற்றில் நார்த்கோட் முதலிய நீராவிப் படகுகள் ஓடிக்கொண்டிருந்தாலும், மணல் திட்டுகள் மிகுந்த ஆழமற்ற ஆற்றில் அவை தரைதட்டி நிற்பது வழக்கமாக இருந்ததால், ரயிலுக்கு அவை ஈடாகவில்லை. 1883இல் தலைநகர் ரெஜைனாவுக்குப் போயிற்று. லேர்டுக்குப் பின் ஆளுநரான எட்கர் டியூட்னி, ரெஜைனாவில் தமக்கு நிலம் இருந்த இடத்துக்கு அருகில் தலைநகரை அமைத்துக்கொண்டார் என்ற குறை அந்தக் காலத்திலேயே எழுந்தது. பேட்டில் ஆற்றின் தென்கரைக் குன்றில் ஆளுநருக்காகக் கட்டிய மாளிகை காலியாயிற்று.

அந்த மாளிகையில் அதே 1883இல் பேட்டில்ஃபோர்டு தொழிற்பள்ளி திறக்கப்பட்டது. முதற்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்களுடைய மொழியை மறக்கச் செய்து, தச்சும் கொல்லும் உழவும் கற்பிப்பதென்ற திட்டத்தில், மேற்கில் மத்திய அரசின் பணத்தில் அமைந்த முதல் தொழிற்பள்ளி இது. ஆங்கிலிகன் திருச்சபை நடத்தியது. ஓர் இனத்துக்குச் சட்டம் எழுதிய வீட்டில் அந்த இனத்தின் பிள்ளைகளை அடைத்து வைக்கச் சில மாதங்களே போதுமாயிருந்தன.

இனி அந்தப் பாடநூலின் பத்திக்கு வருகிறேன். மந்தைகள் மறைந்தபின், 1879இல் பவுண்ட்மேக்கர் தம் மக்களோடு, ஊருக்கு மேற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் கட் நைஃப் குன்றை ஒட்டிய ஒதுக்கு நிலத்தில் உழவுக்கு இறங்கினார். தந்த கருவிகள் போதவில்லை. விளைச்சல் பொய்த்தது. உடன்படிக்கையின் பஞ்ச உறுதிமொழி நினைவுக்கு வரவேண்டிய அந்த ஆண்டுகளில்தான், செலவைக் குறைப்பதற்காக அரசு உணவுப் பங்கீட்டைக் குறைத்தது. வேலை செய்தால்தான் மாவும் பன்றி இறைச்சியும் என்ற விதியும் இருந்தது. இந்நிலையில் 1885 மார்ச் 26 அன்று டக் லேக் என்ற ஊரில், முதற்குடிகளுக்கும் ஐரோப்பியருக்கும் பிறந்த கலப்பு வழியினரான மெட்டீஸ் மக்களின் படையினருக்கும் காவற்படைக்கும் மோதல் நிகழ்ந்து, மெட்டீஸ் தலைவர் லூயி ரியேலின் எழுச்சி தொடங்கியது. நான்கு நாள் கழித்து, மார்ச் 30 அன்று, பவுண்ட்மேக்கரும் மற்றொரு கிரீத் தலைவரான லிட்டில் பைனும் தம் மக்களோடு பேட்டில்ஃபோர்டுக்கு நடந்து வந்தார்கள். தாங்கள் அரசியாருக்கு விசுவாசமாக இருப்பதை எடுத்துச் சொல்லி, உணவுப் பொருள் கேட்டுப் பெறுவதுதான் நோக்கம். கூட்டத்தில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள் என்ற ஒன்றே, கோட்டையை வளைக்க வந்தவர்கள் அல்லர் என்பதற்குப் போதிய சான்று என்பேன்.

ஊரார் அவ்வாறு நினைக்கவில்லை. வருகிறார்கள் என்ற செய்தி கேட்டதுமே 500 பேர் அளவில் வீடுவாசலை விட்டு, ஆற்றைக் கடந்து கோட்டைக்குள் புகுந்துகொண்டார்கள். அவர்களுடைய அச்சத்தையும் நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். டக் லேக்கில் ஆட்கள் இறந்திருந்தார்கள். ஈகிள் குன்றுகளில் பெய்ன் என்ற உழவுப் பயிற்றுநரும் ட்ரெமான்ட் என்ற பண்ணைக்காரரும் அசினிபோயின் என்ற முதற்குடியின் ஆட்களால் கொல்லப்பட்ட செய்தியும் அந்நாட்களில்தான் பரவியது. ஆனால் பேச வந்தவர்களோடு பேசுவது முதற்குடி விவகார அதிகாரியான ரேயின் கடமை. அவர் கோட்டையை விட்டு வெளியே வர மறுத்துவிட்டார். ஆளில்லாத கடைகளும் வீடுகளும் திறந்து கிடந்தன. பசித்தவர்கள் எதிரே மாவு மூட்டைகள் இருந்தன. கடைகள் சூறையாடப்பட்டன. மறுநாள் பவுண்ட்மேக்கரின் மக்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அதன் பிறகு மூன்று வாரத்துக்கும் மேலாகக் கோட்டைக்குள் இருந்தவர்கள் வெளியே வர அஞ்சி இருந்தார்கள். ஆனால் கோட்டையைச் சுற்றிப் படை இறங்கவில்லை, ஒரு தாக்குதலும் நடக்கவில்லை. உதவி கேட்டுத் தந்திகள் போய்க்கொண்டே இருந்தன. இதற்குப் பெயர் முற்றுகை அன்று. ‘வளைத்தவர்கள்’ 60 கிலோமீட்டர் தொலைவில் தங்கள் கூடாரங்களில் இருந்தார்கள்.

அந்தத் தந்திகளால் கர்னல் ஆட்டர் தலைமையில் ஒரு படை ஸ்விஃப்ட் கரன்ட் ரயில் நிலையத்திலிருந்து வடக்கே நடந்து ஏப்ரல் 24 அன்று வந்து சேர்ந்தது. வீரர்கள் தொழிற்பள்ளியாகிவிட்ட பழைய ஆளுநர் மாளிகையைச் சுற்றி அரண் எழுப்பி அதற்கு ஆட்டர் கோட்டை என்று பெயரிட்டார்கள். சூறையாடலுக்குத் தண்டனை தர வேண்டும் என்று ஊரார் வற்புறுத்தினார்கள். மே 1 அன்று ஆட்டர் ஏறக்குறைய 325 ஆட்கள், இரண்டு சிறு பீரங்கிகள், கைப்பிடியைச் சுழற்றித் தொடர்ந்து சுடும் ஒரு கேட்லிங் துப்பாக்கி ஆகியவற்றோடு புறப்பட்டு, மறுநாள் விடியலில் கட் நைஃப் குன்றில், உறங்கிக்கொண்டிருந்த முகாமின்மேல் குண்டு வீசினார். போர்த்தலைவர் ஃபைன் டே தம் ஆட்களைப் புதர் அடர்ந்த ஓடைப் பள்ளங்களில் சிறு சிறு குழுவாகப் பிரித்து நிறுத்தி மூன்று பக்கமும் நெருக்கினார். பீரங்கி வண்டிகள் உடைந்துபோயின. ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்து ஆட்டர் பின்வாங்கினார். பின்வாங்கும் படையைத் துரத்தியிருந்தால் ஓடைக் கடவில் பேரழிவு நேர்ந்திருக்கும். துரத்த வேண்டாம் என்று தடுத்தவர் பவுண்ட்மேக்கர். அவர் தடுத்ததால் பிழைத்த வீரர்கள் எத்தனை நூறு பேர் என்பதை அவரை விசாரித்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மே 26 அன்று அவர் பேட்டில்ஃபோர்டுக்கு வந்து சரணடைந்தார். அரசத் துரோகக் குற்றத்துக்காக மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டு ஸ்டோனி மவுண்டன் சிறைக்கு அனுப்பப்பட்டார். உடல் நலிந்ததால் ஓராண்டுகூட ஆகுமுன் விடுவிக்கப்பட்டு, 1886 ஜூலை 4 அன்று, தம்மை மகனாக ஏற்றிருந்த பிளாக்ஃபுட் தலைவர் குரோஃபுட்டைக் காணப் போன இடத்தில் இறந்தார்.

கோட்டை இன்று தேசிய வரலாற்றுச் சின்னம். 1877இல் கட்டிய தளபதி வீடு, 1898இல் கட்டிய நோயுற்ற குதிரைகளின் லாயம் முதலிய சில கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. லாயத்துக்குள் நுழைந்தேன். ஒவ்வொரு குதிரைக்கும் தனித் தடுப்பு. பலகைகளின் மேல்விளிம்பு குதிரைகள் கடித்துக் கடித்து அலைபோல் தேய்ந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணாடியைப் போல வழவழப்பாக இருந்தது. நோயுற்ற குதிரைக்கென்று தனி வீடு கட்டி வைத்தியம் பார்த்த அரசு என்ற எண்ணம் வந்ததும் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

1885 நவம்பர் 27 அன்று இந்தக் கோட்டையின் வளாகத்துக்குள்தான் எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள். ரியேலை ரெஜைனாவில் தூக்கிலிட்டு அப்போது பதினொரு நாள் ஆகியிருந்தது. ஆறு பேர் ஃபிராக் லேக் என்ற சிற்றூரில் ஏப்ரல் 2 அன்று நடந்த கொலைகளுக்காகவும், இருவர் பெய்ன், ட்ரெமான்ட் ஆகியோரின் கொலைகளுக்காகவும் தண்டிக்கப்பட்டவர்கள். கொலைகள் நடந்தது உண்மை. ஆனால் அவர்களுக்காக வாதாட வழக்கறிஞர் ஒருவரும் இல்லை. தீர்ப்பளித்த நீதிபதி சார்ல்ஸ் ரூலோவின் வீடு அந்த வசந்தத்தில் எரிக்கப்பட்டவற்றுள் ஒன்று. தொழிற்பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து அந்தக் காட்சியைப் பார்க்க வைத்தார்கள். 1867இல் கனடா என்ற கூட்டமைப்பு உருவான பின் அந்நாட்டில் ஒரே நேரத்தில் இத்தனை பேர் தூக்கிலிடப்பட்டது வேறெப்போதும் இல்லை.

அவர்களைப் புதைத்த இடம் கோட்டைக்குக் கீழே, ஆற்றுக்கு இறங்கும் சரிவில் இருக்கிறது. ஒரே குழி. வாண்டரிங் ஸ்பிரிட், ரவுண்ட் த ஸ்கை, பேட் ஆரோ, மிசரபிள் மேன், அயர்ன் பாடி, லிட்டில் பேர், இட்கா, மேன் விதவுட் பிளட் என்ற எட்டுப் பெயர்களையும் நின்று வாய்விட்டுப் படித்தேன். பக்கத்துப் புதரின் கிளைகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று துணிகள் கட்டியிருந்தன. சில வெயிலில் வெளுத்து நூல் நூலாகப் பிரிந்திருந்தன. ஒன்று மட்டும் மடிப்புக் கலையாமல் புதிதாக இருந்தது. யாரோ அந்த வாரத்தில்தான் வந்து கட்டியிருக்க வேண்டும்.

ஊரின் பிற்காலத்தை விரைவாகவே சொல்லிவிடலாம். 1905இல் ஒருவழியாக ஒரு ரயில் பாதை வந்தது. கனடியன் நார்தர்ன் நிறுவனம் ஆற்றின் வடகரையில் பாதையைப் போட்டு, அங்கே தொடங்கிய புதிய ஊருக்கு நார்த் பேட்டில்ஃபோர்டு என்று பெயரையும் எடுத்துக்கொண்டது. 1913க்குள் அது நகரமாகிவிட்டது. பழைய ஊர் இக்கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. தொழிற்பள்ளி 1914இல் மூடப்பட்டது. மாளிகை பல கை மாறி, 2003இல் தீயில் அழிந்தது. 1974இல் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவர்கள் பள்ளியின் இடுகாட்டில் ஆய்வு செய்தபோது எழுபதுக்கும் மேற்பட்ட குழிகளைக் கண்டார்கள். பெரும்பாலானவை பிள்ளைகளுடையவை. பவுண்ட்மேக்கரின் எலும்புகளை 1967இல் கட் நைஃப் குன்றுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 2019 மே 23 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ அந்த மண்ணுக்கே வந்து, அவர் குற்றமற்றவர் என்று அறிவித்து மன்னிப்புக் கேட்டார். சரணடைந்து 134 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாடநூலை எடுத்தேன். முற்றுகை என்ற சொல்லைப் பென்சிலால் அடித்துவிட்டு, மேலே இடம் போதாததால் பக்க ஓரத்தில், உணவு கேட்டு வந்தார்கள் என்று எழுதி, 30 மார்ச் 1885 என்று தேதியும் இட்டு வைத்திருக்கிறேன். நூல் இப்போது பதினொரு வயது மகளின் அலமாரியில் இருக்கிறது.